ஏழு ஊர்களின் பூகோள டீச்சர்

என் மனைவி பூகோள டீச்சர். கல்யாணத்துக்கு முன் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் ஒன்றரை வருடம் வேலை பார்த்தாள். அதற்குப் பிறகு பார்த்த வேலையெல்லாம் எனக்கு மாற்றல் வந்த ஊர்களில்தான். ராணுவக் குடியிருப்புகளுக்குத் தண்ணீரும் மின்சாரமும் பார்க்கும் பிரிவில் நான் மேற்பார்வையாளன். ஜபல்பூர், அம்பாலா, தேஸ்பூர், பரேலி, ஜோத்பூர், செகந்திராபாத், கடைசியில் புனே. ஏறக்குறைய மூன்று வருடத்துக்கு ஓர் ஊர்.

எந்த ஊருக்குப் போனாலும் எனக்கு ஒரு மேஜையும் நாற்காலியும் காத்திருக்கும். அவளுக்கு இருக்காது. பாத்திரங்களைப் பிரித்து அடுக்கிய மறுவாரமே சான்றிதழ்களைத் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்குவாள். பிரசவ விடுப்பில் போன டீச்சருக்குப் பதிலாக ஆறு மாதம், காலில் அடிபட்ட டீச்சருக்குப் பதிலாக ஒரு பருவம் என்று தற்காலிக வேலைதான் கிடைக்கும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டித்து மூன்று வருடத்தை ஓட்டிவிடுவாள். தேஸ்பூரில் பிரம்மபுத்திராவைப் பார்த்துவிட்டு வந்து, "இத்தனை நாளா நா பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தது ஆறே இல்ல, வாய்க்கா" என்றாள். புது ஊர் அவளுக்குப் பிடிக்கும். அது எனக்கு வசதியாக இருந்தது. அவளுக்குப் பிடிக்கிறது, அதனால் குறை ஒன்றும் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஜோத்பூரில் இரண்டாவது வருடம் அவளை நிரந்தரமாக்கினார்கள். கல்யாணத்துக்குப் பிறகு முதல் முறை. அன்று பள்ளியிலிருந்து நேரே கடைக்குப் போய் ஒரு கிலோ ஜிலேபி வாங்கி வந்து, குடியிருப்பில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தாள். நான்கு மாதம் கழித்து எனக்குப் பதவி உயர்வோடு செகந்திராபாத்துக்கு மாற்றல் வந்தது. என் மேலதிகாரி நல்ல மனிதர். "உங்கள் மனைவிக்கு இப்போதுதான் வேலை நிரந்தரமாகியிருக்கிறது. வேண்டுமானால் எழுதிக் கொடுங்கள், இன்னும் இரண்டு வருடம் இங்கேயே வைத்துக்கொள்கிறேன். பதவி உயர்வு கொஞ்சம் தள்ளிப்போகும்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வீட்டில் மாற்றல் என்று மட்டும் சொன்னேன். அவள் மறுநாளே ராஜினாமா கொடுத்துவிட்டு வந்து பெட்டி கட்ட ஆரம்பித்தாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புனேக்கு வந்தோம். கட்கியில் அரசாங்கக் குடியிருப்பு. தேஸ்பூரில் பிறந்த எங்கள் ஒரே மகள் அப்போது எட்டாம் வகுப்பு. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் அவள் இந்தியில் பதில் சொல்வாள். மனைவிக்கு கேம்ப் என்ற பகுதியில் ஒரு பழைய கல் கட்டடப் பள்ளியில் வேலை கிடைத்தது. ஒரே வருடத்தில் நிரந்தரமாக்கிவிட்டார்கள். இந்த முறை ஜிலேபி இல்லை.

அந்தப் பள்ளியில் அவளுக்குப் பெயர் வந்தது. சாக்பீஸை எடுத்தால் குஜராத்தில் தொடங்கி, கையைத் தூக்காமல் கன்னியாகுமரி சுற்றி, வங்காளம் ஏறி, இந்தியாவை ஒரே கோட்டில் வரைந்து முடிப்பாளாம். பின்வரிசைப் பிள்ளைகள் கைதட்டுவார்களாம். சனிக்கிழமைகளில் கேம்ப்பில் காய்கறி வாங்கப் போனால் நாலு கடைக்கு ஒரு பிள்ளை ஓடிவந்து வணக்கம் சொல்லும். என்னைக் காட்டி, "டீச்சரோட ஹஸ்பண்டு" என்று தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது வருடம் பட்டான்கோட்டுக்கு மாற்றல் வந்தது. நான் ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருந்தது. சாயங்காலம் ஆர்டரைச் சாப்பாட்டு மேஜை மேல் வைத்தேன். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். எடுத்துப் படித்துவிட்டு மடித்து வைத்தாள்.

"நீங்க போயிட்டு வாங்க. நா வரல."

எனக்கு முதலில் புரியவில்லை. "வரலைன்னா?"

"வரலைன்னா வரலதான். நா இங்கன இருக்கேன். லீவுக்கு வந்து பாக்கேன்."

"பிள்ளைக்குப் பத்தாங்கிளாஸ் பரீட்சைன்னு யோசிக்கியா? அங்கயும் ஸ்கூல் இருக்கு."

அவள் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். "அவ படிப்பைச் சொல்லி நா தப்பிச்சுக்கிடலாம். ஊரும் அதைத்தான் நம்பும். ஆனா அதுக்காக இல்ல. எனக்காகத்தான் சொல்லுதேன். எனக்கு இந்த வேலைய விட மனசில்ல."

"இத்தனை ஊருக்கு வந்தியே, அப்பல்லாம் ஒண்ணும் சொல்லலியே?"

"அப்பல்லாம் நீங்களும் எங்கிட்ட ஒண்ணும் கேக்கலியே."

பட்டான்கோட்டுக்குத் தனியாகப் போனேன். முதல் வருடம் முழுக்க முறைப்பாகத்தான் இருந்தேன். அவள் வாரம் ஒரு கடிதம் போடுவாள், நான் மாதம் ஒன்று போடுவேன், அதுவும் நாலு வரி. பள்ளி விடுமுறைக்கு அவளும் மகளும் வந்தார்கள். நான் கரியடுப்பில் வேகவைத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு இருவரும் சிரித்த சிரிப்பில்தான் எனக்குக் கொஞ்சம் மனசு இளகியது. மூன்று வருடத்தில் ரசம், பருப்பு, உருளைக்கிழங்கு பொரியல் என்று தேறினேன். என் சட்டைக்கு நானே பொத்தான் தைத்தேன். அவள் ஏழு ஊர்களில் என்னென்ன செய்திருக்கிறாள் என்று ஒரு மாதிரி தெரிய ஆரம்பித்ததும் அங்கேதான்.

ஓய்வு பெற்றுத் திரும்பிய பிறகு ஆலந்தி சாலைப் பக்கம் இரண்டு அறை வீடு ஒன்று வாங்கினோம். அவள் மேலும் நாலு வருடம் பள்ளிக்குப் போனாள். நான் சமைத்து டப்பா கட்டிக் கொடுத்தேன். பிறகு அவளும் ஓய்வு பெற்றாள். மகள் வேலை கிடைத்து பெங்களூருக்குப் போயிருந்தாள்.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க ஒரு பெண் வருவாள். ஏரவாடாவில் குடிசைகள் நெருக்கமாக இருக்கும் பகுதியில் வீடு. ஆற்காட்டுப் பக்கத்துக் குடும்பம். ஐந்து வயதில் அப்பா அம்மாவோடு கல்லுடைக்கும் வேலைக்காக ரயிலேறி வந்தவள். அப்போது அவளுக்கு நாற்பது இருக்கும். தமிழும் இந்தியும் மராத்தியும் ஒரே மூச்சில் பேசுவாள். ஒருநாள் என் மனைவி பழைய வரைபடங்களை வெயிலில் காயப் போட்டிருந்தாள். அந்தப் பெண் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"டீச்சரம்மா, இந்த நீலமா கீறதெல்லாம் இன்னா?"

"கடல்."

"இவ்ளோ பெரிசா? நெஜத்துல எப்டி இருக்கும்?"

"நீ பார்த்ததில்லையா? பம்பாய் பக்கந்தானே?"

"நான் எங்க பார்த்தேன்? வூட்லருந்து டேசனு, டேசன்லருந்து மார்க்கெட்டு, மார்க்கெட்லருந்து நீங்க. அவ்ளோதான் நம்ம துனியா. எங்க கல்லில யாருமே சமந்தர் பார்த்ததில்ல."

கல்லி என்றால் அவர்கள் சந்து, சமந்தர் என்றால் கடல். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், சொல்லிவிட்டுப் பாத்திரத்துக்குப் போய்விட்டாள். என் மனைவி அன்று மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை. "என்னைய இழுத்துக்கிட்டு இந்தியா பூரா சுத்தினிய. இவளுக்கு அஞ்சு மணி நேரத்துல இருக்க கடலு தெரியல. முப்பது வருஷம் பூகோளம் சொல்லிக் குடுத்து என்ன கிழிச்சேன்?" என்றாள். மறுவாரம் அந்தச் சந்துக்கே போய்விட்டாள். வீடு வீடாக உட்கார்ந்து, புருஷன்களிடமும் மாமியார்களிடமும் பேசி, ஒன்பது பெண்களுக்கு ஒருநாள் விடுப்பு வாங்கிக்கொண்டு வந்தாள். அந்த ஒருநாளைக்கு அவர்கள் வேலை செய்யும் வீடுகளில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்ததாம்.

ஒரு டிசம்பர் மாதம் அதிகாலையில் மினி பஸ்ஸில் அலிபாக் கிளம்பினோம். ஓட்டுநரைத் தவிர நான் ஒருவன்தான் ஆண். எல்லாரும் கல்யாணத்துக்குப் போவதுபோலப் பட்டும் பூவுமாக வந்திருந்தார்கள். கண்டாலா மலைப்பாதையில் பாதிப் பேருக்கு வாந்தி. என் மனைவி எலுமிச்சம்பழமும் காகிதப் பையும் கொடுத்துக்கொண்டே, இந்த மலை எப்படி உண்டானது என்று பாடம் நடத்தினாள். "டீச்சரம்மா, மலைய அப்றம் சொல்லுங்க, மொதல்ல எறங்கட்டும்" என்று ஒரு அம்மாள் கெஞ்சினாள்.

பத்து மணிக்குக் கடற்கரைக்குப் போனோம். தண்ணீர் வற்றிக் கிடந்தது. கறுப்பு மணல் வெகுதூரத்துக்கு ஈரமாக மின்னியது. கடலுக்குள் இருக்கும் கோட்டைக்கு ஜனங்கள் நடந்தே போய்க்கொண்டிருந்தார்கள். பாத்திரம் தேய்க்கும் பெண் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே நடந்து போய், முழங்கால் தண்ணீரில் நின்றாள். என் மனைவி பக்கத்தில் போய் நின்றாள். நானும் பின்னால் போனேன்.

"அந்தாண்ட யாரு கீறாங்க, டீச்சரம்மா?"

"அரபு நாடு. அதுக்குத் தெக்க ஆப்பிரிக்கா."

"அவங்களுக்கும் இதே தண்ணிதானா?"

"இதே தண்ணிதான்."

அவள் குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்துத் துப்பினாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டாள். அழுகிறாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, முகமெல்லாம் தண்ணீராக இருந்தது.

கோட்டைக்கு எல்லாரும் நடந்தே போனார்கள். குதிரை வண்டிக்காரரிடம் விசாரித்து, எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்று என் மனைவி முன்பே கேட்டு வைத்திருந்தாள். கோட்டைக்குள் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு இருக்கிறது. கடலுக்கு நடுவே எப்படி என்று எல்லாரும் எட்டிப் பார்த்துக்கொண்டே நிற்க, இவள் கையைத் தட்டி வகுப்பைக் கலைப்பதுபோலக் கிளப்பிக்கொண்டு வந்தாள். திரும்பும்போது தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டது. கரையேறிக் கொஞ்ச நேரத்தில் நாங்கள் நடந்து வந்த இடம் முழுக்கக் கடலாக இருந்தது. "அய்யோ, நாம நடந்த ரோடு எங்க?" என்று சிறு பிள்ளைகளைப் போலக் கத்தினார்கள். அவள் மணலில் பூமியையும் நிலாவையும் வட்டம் வட்டமாகப் போட்டு விளக்கினாள். எத்தனை பேருக்குப் புரிந்ததோ.

மத்தியானம் அவர்கள் அலையில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நானும் அவளும் சவுக்கு நிழலில் உட்கார்ந்திருந்தோம். ஏன் அப்போது வாயில் வந்தது என்று தெரியவில்லை. ஜோத்பூரில் மேலதிகாரி சொன்னதை, நான் மறைத்ததைச் சொன்னேன். பதினாறு வருடம் உள்ளே கிடந்தது.

அவள் கடலைப் பார்த்தபடியே இருந்தாள். "எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"நாம கெளம்புன அன்னைக்கே உங்க ஆபீசர் வீட்டம்மா சொன்னா. அவ எனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சுப் பேசினா. நானும் தெரிஞ்ச மாதிரி தலையாட்டினேன்."

"ஏன் கேக்கல?"

"ரயில்ல கேக்கணும்னுதான் இருந்தேன். நீங்க பிள்ளை தலைய மடியில போட்டுத் தூங்கிட்டிய. அப்புறம் கேக்கப் பிடிக்கல. அதான் பட்டான்கோட்டுக்கு வரமாட்டேன்னேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். கல்யாணமாகி முப்பது வருடத்தில் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. "அந்த வேலைய விட்டது இன்னும் வலிக்கத்தான் செய்யுது" என்றாள். "ஆனா நா பார்த்த ஊரு ஒண்ணையும் திருப்பிக் குடுக்க மாட்டேன். ரெண்டும் சேந்துதான் இருக்கு. நீங்க எழுந்திரிங்க, பிள்ளைகளுக்குப் பசிக்கும்." நாற்பது வயதுப் பெண்களைத்தான் பிள்ளைகள் என்றாள்.

அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு பயணம் என்று ஆயிற்று. மகாபலேஷ்வர், எல்லோரா, ஒரு வருடம் நாசிக். அவற்றுக்கு நான் போகவில்லை. என்னைக் கூப்பிடவும் இல்லை. ஆண் துணை வேண்டாம் என்று இரண்டாவது வருடமே முடிவு செய்துவிட்டார்கள்.

நாலைந்து வருடம் இப்படிப் போனது. பிறகு அவள் வலது கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் காபி டம்ளர் தளும்பியது. வயசு என்று விட்டுவிட்டோம். ஒருநாள் படியில் தடுக்கி விழுந்தபோது மருத்துவரிடம் போனோம். அவர் காகிதத்தைக் கொடுத்து ஏதாவது எழுதச் சொன்னார். இவள் எழுதாமல் இந்தியாவை வரைந்தாள். குஜராத் வரைக்கும் சரியாக வந்தது. கொங்கணக் கரையிலிருந்து கோடு அலை அலையாக இறங்கி, கேரளத்துக்கு வருவதற்குள் காகிதத்தின் ஓரத்துக்குப் போய்விட்டது. பேனாவை வைத்துவிட்டு, "கன்னியாகுமரிக்கு இடமில்லை, டாக்டர்" என்றாள் ஆங்கிலத்தில். மருத்துவர் சிரித்தார். வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நரம்பு நோய்தான். மருந்தால் தள்ளிப்போடலாம், குணமாகாது என்று சொல்லிவிட்டார்கள்.

மகள் அப்போது கல்யாணமாகிப் புனேக்கே திரும்பியிருந்தாள். பாணேரில் ஏழாவது மாடியில் வீடு. எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போனாள். வசதிக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கீழே இறங்கிக் கடைக்கு நடப்பதற்கு வழியில்லை, எல்லாவற்றுக்கும் கார். என் மனைவி பால்கனியில் உட்கார்ந்து, கட்டடங்கள் முளைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பேச்சும் குழற ஆரம்பித்தது. ஏரவாடாப் பெண்கள் மாதம் ஒருமுறை இரண்டு பஸ் மாறி வருவார்கள். அவர்கள் வரும் நாளன்று காலையிலேயே நல்ல சேலை கட்டிவிடச் சொல்வாள்.

கடைசி வருடம் படுக்கையாகிவிட்டாள். ரயில்வே கால அட்டவணையை எடுத்துப் படிக்கச் சொல்வாள். நேரம் வேண்டாம், பெயர்கள் போதும். நான் மன்மாட், புசாவல், கண்ட்வா, இட்டார்சி என்று ஜபல்பூர் வரைக்கும் வாசிப்பேன். எங்காவது ஒரு ஸ்டேஷனை விட்டுவிட்டால் விரலால் போர்வையில் தட்டுவாள். திரும்பிப் போய் அதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். மகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்தில் உட்காருவாள். அம்மா இந்த ஊரில் என்ன பண்ணினாள், அந்த ஊரில் எந்த ஸ்கூல் என்று என்னிடம் கேட்பாள். மூன்று ஊர்களில் எனக்குப் பள்ளியின் பெயரே நினைவுக்கு வரவில்லை. மனைவி சொல்ல முயன்றாள், எங்களுக்குப் புரியவில்லை. அது எனக்கு இன்றும் வருத்தம்.

மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் போய்விட்டாள். நானும் மகளும் பக்கத்தில் இருந்தோம். மகள் கையைப் பிடித்திருந்தாள். அந்தக் கையில் நடுக்கம் நின்றதை வைத்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை ஏரவாடாவிலிருந்து ஒன்பது பேரும் வந்தார்கள். கீழே கேட்டில் காவலாளி நிறுத்திவிட்டான். எந்த ஃப்ளாட்டில் வேலை என்று கேட்டிருக்கிறான். வேலைக்கு இல்லை, துக்கத்துக்கு என்று சொன்னார்கள். ஒன்பது பேரையும் ஒன்றாக விட முடியாது, இரண்டிரண்டு பேராகப் பின்பக்க லிஃப்டில் போங்கள் என்றானாம். இன்டர்காமில் தகவல் வந்தது. மகள் செருப்புகூடப் போடாமல் கீழே போனாள். நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். காவலாளியிடம் சத்தம் போடவில்லை. ஏதோ சொன்னாள், அவன் விலகினான். எல்லாரையும் முன்பக்க லிஃப்டில், இரண்டு நடையாகத் தானே கூட்டிக்கொண்டு மேலே வந்தாள். என்ன சொன்னாய் என்று பிறகு கேட்டேன். "அம்மாவோட ஃப்ரெண்ட்ஸ்னு சொன்னேன். வேற என்ன சொல்றது?" என்றாள்.

அவர்கள் பெரிய டிபன் கேரியரில் சோறும் ரசமும் கொண்டுவந்திருந்தார்கள், துக்க வீட்டில் அடுப்பு எரியாது என்று. பாத்திரம் தேய்த்த பெண் என்னைப் பார்த்து, "சார், போய்ட்டாங்களே" என்றாள்.

எல்லாம் முடிந்து மாலையில் நாங்கள் மயானத்திலிருந்து திரும்பியபோதும் அவர்கள் போகாமல் இருந்தார்கள். மகள் குளித்துவிட்டு வந்து அவர்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தாள். தட்டுத் தடுமாறித் தமிழில் கேட்டாள்.

"நீங்க எல்லாரும் அம்மாகூட... வெளில போனீங்கதானே? எனக்கு சொல்லுங்க. அங்க அம்மா எப்டி இருப்பா?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒரு அம்மாள் ஆரம்பித்தாள். மகாபலேஷ்வரில் ஒரு குரங்கு டீச்சரம்மாவின் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டதாம். இவள் மரத்தடியில் நின்று, ஆங்கிலத்தில், வகுப்பில் அதட்டுகிற குரலில் அதை அதட்டினாளாம். குரங்கு கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கீழே போட்டுவிட்டதாம். "அப்றம் எங்களைப் பார்த்துத் திரும்பி, பார்த்தியா, இதுக்குக்கூட இங்கிலீசு புரியுதுன்னாங்க" என்றாள். அந்தக் கதையை நான் கேட்டதே இல்லை. மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். இன்னொருத்தி நாசிக் கதையைத் தொடங்கினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இருட்டுவதற்குள் கிளம்ப வேண்டும் என்று எழுந்தார்கள். கார் சொல்கிறேன் என்றாள் மகள். வேண்டாம், பஸ் இருக்கிறது என்றார்கள். அவள் பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே போய், எல்லாரும் ஏறி உட்காரும்வரை நின்றுவிட்டு வந்தாள்.